திருப்புளி சாரின் ஜாமீன்

மூடிக் கிடக்கும் எதையும் மூடியபடியே விட்டுவிட்டுப் போகத் தெரியாத மனிதர் மதுரையில் ஒருவர்தான் இருந்தார். அவர் எங்கள் எதிர்வீட்டில் குடியிருந்தார். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைத்திருப்பார்கள்; அவர் திருப்புளி வைத்திருந்தார். மஞ்சள் கைப்பிடி, முனை கொஞ்சம் தேய்ந்தது. எங்காவது கையெழுத்துப் போட வேண்டி வந்தால் பக்கத்தில் நிற்பவரிடம் பேனா கேட்டு வாங்குவார். போட்டு முடித்ததும் அந்தப் பேனாவைக் கழற்றி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுப்பார்.

பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்திருக்கும். ரேஷன் கார்டில் தேடினால் கிடைத்திருக்கும். காமராசர் சாலையிலிருந்து பிரியும் எங்கள் தெருவில் அது யாருக்கும் தேவைப்படவில்லை. தபால்காரர்கூட வாசலில் நின்று "திருப்புளி சார், தபால்" என்றுதான் கூப்பிடுவார். சாரும் கோபித்துக்கொள்ளாமல் வந்து வாங்கிக்கொள்வார்.

அவருக்கு வேலை கருவூலத்தில். அங்கே முத்திரை வைத்த பெட்டிகளை ஒருவர் தனியாகத் திறக்கக் கூடாது, சாட்சிகள் கூட நிற்க வேண்டும் என்று ஒரு முறை இருப்பதாக அவர்தான் சொல்வார். அலுவலகத்தில் அதை எவ்வளவு கடைப்பிடித்தார் என்று எனக்குத் தெரியாது. தெருவில் ஒரு நாளும் மீறியதில்லை. குக்கர் விசில் அடைத்துக்கொண்டாலும் சரி, டார்ச் லைட் எரியாவிட்டாலும் சரி, பொருளுக்கு உடையவர் ஒருவரும் சம்பந்தமில்லாத இரண்டு பேரும் உட்கார்ந்த பிறகுதான் திருப்புளி பையிலிருந்து வெளியே வரும்.

"உள்ள என்ன இருந்துச்சு, வெளிய என்ன வந்துச்சுன்னு நாளைக்கு ஒரு பேச்சு வந்துரக் கூடாது பாருங்க" என்பார்.

குக்கர் விசிலுக்குள் காணாமல் போக என்ன இருக்கிறது என்று யாரும் கேட்டதில்லை. கேட்டவர்களைச் சாட்சியாக உட்கார வைத்துவிடுவார் என்ற பயம்தான்.

முனிச்சாலையில் ஒரு துக்க வீட்டில் நடந்ததை நானே பார்த்தேன், கூட்டிச் சொல்லவில்லை. பெரியவர் ஒருவர் தவறிப்போயிருந்தார். மாலையைப் போட்டுவிட்டு நிமிர்ந்த சாரின் கண்ணில் கூடத்துச் சுவர்க்கடிகாரம் பட்டது. நின்றுபோயிருந்தது.

"இது எம்புட்டு நாளா ஓடல?" என்று இறந்தவரின் மகனிடம் தணிந்த குரலில் கேட்டார்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அது ஒரு வருசமா ஓடல சார்" என்றார்.

அடுத்த நிமிடம் கடிகாரம் தரையில் இருந்தது. மகன் உடையவர். அழுதுகொண்டிருந்த இரண்டு பெண்கள் சாட்சி. ஒருத்தி ஒப்பாரியைப் பாதியில் நிறுத்திவிட்டு, சார் கழற்றிக் கொடுத்த ஸ்க்ரூக்களை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டாள். "கீழ போட்ராதம்மா. அழுகுறதுன்னா கையை ஆட்டாம அழு" என்றார் சார். பெரியவரை வாசலுக்குக் கொண்டுவரும் நேரத்தில் கடிகாரம் உயிர்பெற்றது. ஒரு வருடமாக அடிக்காமல் விட்ட மணியையெல்லாம் சேர்த்து அடிக்க ஆரம்பித்தது. அதை நிறுத்த மறுபடியும் கழற்ற வேண்டியிருந்தது. முடித்துவிட்டு அவர் வெளியே வந்தபோது ஊர்வலம் தெருமுனையைத் தாண்டியிருந்தது.

திறப்பதில் இந்த முறை என்றால், திருப்பிக் கொடுப்பதில் அவருக்கு இன்னொரு முறை உண்டு. சரிசெய்த பொருளை அப்படியே உடையவர் கையில் கொடுக்க மாட்டார். முதலில் அதைத் தன் பொருள் ஒன்றின்மேல் பரீட்சை பார்ப்பார். இதற்கு அவர் வைத்திருந்த பெயர் ஜாமீன்.

எங்கள் இஸ்திரிப்பெட்டியைச் சரிசெய்தபோது இந்த ஜாமீனை நேரில் பார்த்தேன். அலுவலகம் போகும் தன் வெள்ளைச் சட்டையை விரித்து அதன்மேல் பெட்டியை வைத்தார். எடுத்தபோது முதுகில் இஸ்திரிப்பெட்டியின் உருவம் பழுப்பு நிறத்தில் அச்சாகப் பதிந்திருந்தது. சூட்டைக் குறைக்கும் திருகு வேலை செய்யவில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. அதையும் சரிசெய்து கொடுத்தார். மறுநாள் அதே சட்டையோடு அலுவலகம் போனார். பார்த்தவர்கள் சிரித்ததாக அவர் மனைவி சரோஜாக்கா சொன்னார்.

"ஒரு பழந்துணிய வெச்சுப் பாத்திருக்கலாமே சார்?" என்று கேட்டேன்.

"பழந்துணி எரிஞ்சா யாருக்கு நட்டம்? நட்டப்பட ஒருத்தன் இருந்தாத்தாம்மா அது சோதனை. இல்லன்னா வேடிக்கை" என்றார்.

அவர் வீட்டில் ஓட்டை விழுந்த குக்கர் ஒன்று, காற்று தராத மின்விசிறி ஒன்று, தலைகீழாக மட்டும் எரியும் டார்ச் லைட் ஒன்று இருந்தன. எல்லாம் தெருவுக்காக ஜாமீன் நின்று போனவை.

என் கம்ப்யூட்டர் அவரிடம் போய்ச் சேர்ந்தது தொண்ணூறுகளின் பின்பாதியில்.

எங்கள் குடும்பம் சுங்குடிக் குடும்பம். வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம், தெருவில் பேசுவது மதுரைத் தமிழ், தொழிலில் பேசுவது புள்ளி. சேலையை நகத்தால் கிள்ளி முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கினால், முடிச்சுப் போட்ட இடத்தில் சாயம் ஏறாமல் வெள்ளைப் புள்ளி நிற்கும். எந்த இடத்தில் எத்தனை முடிச்சு என்பதைக் கட்டம் போட்ட தாளில் வரைந்து கொடுக்க வேண்டும். அந்த வரைவுதான் சேலையின் தலையெழுத்து. எங்கள் வீட்டில் அதை ஆண்கள்தான் வரைந்தார்கள். பெண்கள் முடிச்சுப் போட்டோம்.

அண்ணன் சிங்கப்பூரில் வேலை முடிந்து திரும்பியபோது ஒரு பழைய கம்ப்யூட்டரைக் கொண்டுவந்திருந்தார். எழுத்துப்பலகையும் கம்ப்யூட்டரும் ஒரே உடம்பு. திரை கிடையாது, வீட்டு டிவியில் மாட்ட வேண்டும். போட்டதைச் சேமிக்கப் பாட்டுக் கேசட்டும் டேப்ரிக்கார்டரும் வேண்டும். அது எங்கள் வீட்டுக்கு வந்த காலத்திலேயே மற்ற ஊர்களில் அதைத் தூக்கிப் போட்டிருந்தார்கள். அண்ணனுக்கும் சீக்கிரம் அலுத்துவிட்டது. எனக்கு அலுக்கவில்லை. ஏனென்றால் அதன் திரையில் எந்தப் படம் வந்தாலும் புள்ளி புள்ளியாகத்தான் வந்தது. அதைப் பார்த்த முதல் நாளே இது நம்ம ஆள் என்று தெரிந்துவிட்டது.

அண்ணனை நச்சரித்து, பொத்தானை அழுத்தினால் புள்ளி வைக்கவும், இன்னொன்றை அழுத்தினால் பாதி வரைந்ததைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பிப் போடவும் ஒரு சின்ன நிரல் எழுதி வாங்கிக்கொண்டேன். கல்யாணத்துக்குக் காத்திருக்கும் பெண் டிவியைக் கட்டிக்கொண்டு விளையாடுகிறாள் என்று சித்தப்பா குறை சொன்னார். நான் வரைந்துகொண்டே இருந்தேன்.

அந்த வருடம் தெற்கு மாசி வீதியில் எங்களிடம் சரக்கு எடுக்கும் கடை முதலாளி, தீபாவளிக்குப் புது முந்தி வேண்டும் என்றார். நான் போட்டிருந்த ஒன்றை அம்மா தயங்கித் தயங்கி அவரிடம் சொல்லிவிட்டார். "வெள்ளிக்கெழமை தாளைக் கொண்டாங்க. நல்லாருந்தா அதையே முடிச்சுக்குக் குடுத்துருவோம். இல்லன்னா வழக்கமா போடுறவுக போடட்டும்" என்று சொல்லி அனுப்பினார். என் பெயரில் ஒரு முந்தி கடையேறுவது என்றால் அதுதான் முதல் தடவை. திரையில் முந்தி முழுதாக முடிந்து கேசட்டில் ஏறியிருந்தது. அதிலிருந்து பார்த்துப் பார்த்துத் தாளில் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி. தாளில் நடுப்பகுதி மட்டும் ஏறியிருந்த நிலையில், திங்கள்கிழமை காலை பொத்தானைப் போட்டேன். சிவப்பு விளக்கு எரியவில்லை.

கெட்டது கம்ப்யூட்டர் இல்லை என்று அண்ணன் சொன்னார். அதற்கு வெளியே, வயர் நடுவில், செங்கல் அளவில் ஒரு கறுப்புப் பெட்டி தனியாகத் தொங்கும். சுவரிலிருந்து வரும் கரண்டைக் குறைத்துக் கம்ப்யூட்டர் தாங்குகிற அளவுக்குக் கொடுக்கும் பவர் சப்ளை அது. எங்கள் ஊரில் அதற்கு எலிமினேட்டர் என்று பெயர். "அது போச்சு. அது மாதிரி இந்தியாவிலேயே கிடைக்காது. வேற ஏதாவது மாட்டி, கரண்ட் கொஞ்சம் கூடிப்போச்சுன்னா உள்ள இருக்கிற சிப் மொத்தமும் கருகிரும். விட்டுத் தள்ளு" என்றார் அண்ணன். கம்ப்யூட்டர் கருகினால் கேசட்டில் இருப்பது வெறும் கீச்சுச் சத்தம். அதைப் புள்ளியாக மாற்ற மதுரையில் வேறு இயந்திரம் கிடையாது.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனேன்.

சாரின் முகம் மலர்ந்தது. பால்காரர் கோட்டைச்சாமியும் என் அம்மாவும் சாட்சியாக அமர்ந்தார்கள். சார் சட்டைப் பையிலிருந்து திருப்புளியை எடுத்தார். பெட்டியைத் திருப்பினார். மறுபடி திருப்பினார். பக்கவாட்டில் பார்த்தார். அடியிலிருந்த ரப்பர் கால்களைப் பிடுங்கினார். மேலே ஒட்டியிருந்த சீட்டை உரித்தார்.

ஒரு ஸ்க்ரூகூட இல்லை.

அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. பந்தியில் உட்கார வைத்து இலையை எடுத்துக்கொண்டால் ஒரு மனிதர் எப்படி இருப்பாரோ அப்படி இருந்தார்.

"என்னம்மா இது? வாசலே இல்லாம வீடு கட்டியிருக்கான்!"

"ஒட்டியிருக்காங்க போல சார்" என்றேன்.

"ஒட்டுவானா? இதைச் செஞ்சவன் மனுசன் மேல நம்பிக்கையே இல்லாதவன். கெட்டுப்போனா தூக்கிப் போடுன்னு சொல்லாமச் சொல்றான். நான் போட்ருவனா?"

கோட்டைச்சாமி எழுந்தார். "சார், கறவைக்கு நேரமாச்சு. நான் போறேன்."

"உக்காருய்யா. சாட்சி எந்திரிச்சா பெட்டிய மூடணும்."

"இன்னும் தொறக்கவே இல்லையே சார்."

இந்த நியாயம் சாரை அன்று ரொம்பப் புண்படுத்திவிட்டது. விறுவிறுவென்று உள்ளே போய் இரும்பு அறுக்கும் ஆக்ஸா பிளேடைக் கொண்டுவந்து பெட்டியின் விளிம்பைச் சுற்றி அறுத்தார். வெகுநேரத்துக்குப் பிறகு மேல்மூடி கழன்றது. நாங்கள் நாலு பேரும் தலையை நீட்டினோம். உள்ளே ஒன்றுமே இல்லை. அதாவது, பெட்டி நிறையக் கறுப்பாக ஏதோ ஊற்றி உறைய வைத்திருந்தார்கள். வயர் ஒரு பக்கம் உள்ளே போய் மறுபக்கம் வெளியே வந்தது. நடுவில் என்ன நடக்கிறது என்று கடவுளுக்குத்தான் தெரியும்.

"கருப்பட்டி" என்றார் கோட்டைச்சாமி.

சார் முகர்ந்து பார்த்தார். "தாருய்யா. ரோட்டுக்குப் போடுற தாரு. எல்லாத்தையும் உள்ள வெச்சு மேல தாரைக் காய்ச்சி ஊத்தியிருக்கான்." சுத்தியலால் ஒரு போடு போட்டார். சுத்தியல்தான் துள்ளியது.

அன்று சாயங்காலம் வரை அவர் யாரோடும் பேசவில்லை என்று சரோஜாக்கா சொன்னார். காப்பி டம்ளரைக்கூட இப்படியும் அப்படியும் திருப்பி ஸ்க்ரூ இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் குடித்தாராம்.

மறுநாள் காலை எங்கள் வீட்டுக்குள் வேகமாக வந்தார். "சித்திரை வெயில்ல ரோட்டுல நடந்தா செருப்பு ஒட்டுதுல்ல? எதுனால? தாரு இளகுது! இதுக்கும் வேண்டியது சூடுதான். நெருப்புல காட்டுனா வயரு உருகிரும். கொதிக்கிற தண்ணிக்குள்ள இறக்கி வெச்சா?"

எங்கள் பின்கட்டில் சாயக் கொப்பரை கொதித்துக்கொண்டிருந்தது. அரக்குச் சிவப்பு. அன்றைய சேலைகளை எடுத்தாகிவிட்டது. இத்தனை சூடு வீணாகிறதே என்று அவருக்குத் தோன்றிவிட்டது. பெட்டியைத் தடித்த பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வாயைக் கட்டினார்.

அம்மா கையை நீட்டினார். "குடுங்கண்ணே, நான் கட்டுறேன்."

"ஏங்க, ஒரு முடிச்சுப் போட எனக்குத் தெரியாதா?"

சாயம் உள்ளே போகாமல் முடிச்சுப் போடுவதையே பரம்பரைத் தொழிலாக வைத்திருக்கும் வீட்டில் நின்றுகொண்டு இதைக் கேட்டார். அம்மா எங்கள் மொழியில் என்னிடம் ஏதோ முணுமுணுத்தார். அது இங்கே வேண்டாம். சார் போட்டது அலுவலகக் கோப்புக்கு நாடா கட்டும் முடிச்சு. ஒரு முனையை இழுத்தால் அவிழ்ந்துவிடும். கொப்பரை அந்த முனையை இழுத்தது.

வெளியே எடுத்தபோது தார் இளகியிருந்தது. கூடவே பெட்டி, வயர், சுவரில் சொருகும் பிளக் வரைக்கும் எல்லாம் அரக்குச் சிவப்பு. சாரின் இரண்டு கைகளும் மணிக்கட்டு வரை சிவப்பு.

"நல்லாப் பிடிச்சிருக்கு" என்றார் அம்மா. சாயக்காரி வாயில் அதைவிடப் பெரிய பாராட்டும் கிடையாது, கேலியும் கிடையாது.

சரோஜாக்காவின் தோசைக் கரண்டியால் சார் இளகிய தாரை வழித்து வழித்து எடுத்தார். எடுத்த ஒவ்வொரு உருண்டையையும் சாட்சிகளிடம் காட்டினார். கோட்டைச்சாமி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். கடைசியில் உள்ளே இருந்தவர்கள் ஒவ்வொருவராக முகம் காட்டினார்கள். கரண்டைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர், கண்ணாடிக் குழல் மாதிரி ஒரு பியூஸ், ஒரு சின்னப் பலகை, அதில் மூன்று கால் வைத்து நிற்கும் ஒரு கறுப்புத் துண்டு. பியூஸ் போயிருந்தது. நன்றாகக் காயவைத்து, புது பியூஸ் போட்டு, புதன்கிழமை மாலை சுவரில் சொருகினார். தெருமுனை டிவி மெக்கானிக்கிடம் மீட்டர் வாங்கி வந்து வைத்துப் பார்த்தார். சொந்த மீட்டர் அவரிடமும் உண்டு. அதை ஏற்கெனவே திறந்திருந்தார். முள் ஐந்து வோல்ட்டைக் காட்டியது. கம்ப்யூட்டருக்கு வேண்டியதும் ஐந்துதான்.

எனக்கு உயிர் வந்தது. "குடுங்க சார், நான் போய் மாட்டுறேன்."

"ஜாமீன் பாக்கணும்."

"மீட்டர்தான் அஞ்சு காட்டுதே சார்!"

"காட்டட்டும். மீட்டருக்கு என்ன நட்டம்?"

"வெள்ளிக்கெழமை தாள் குடுக்கணும் சார். நாளை ஒரு நாள்தான் இருக்கு. இப்ப மாட்டினாத்தான் வரைஞ்சு முடிப்பேன்."

"ஒரு நாளு போதாதா ஒனக்கு? இரு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "உங்களுக்கு இது வெளாட்டா இருக்கு. எனக்கு வேற வாய்ப்பு கெடைக்காது" என்று கத்தினேன். பெரியவரிடம் அப்படிப் பேசியதற்கு அம்மா என் கையைக் கிள்ளினார். சாயம் பிடிக்காத அளவுக்கு இறுக்கமான கிள்ளு.

சார் உள்ளே போய் அலமாரி மேலிருந்து தன் டிரான்சிஸ்டர் ரேடியோவை எடுத்துவந்தார். தோல் உறை போட்டது. சம்பளத்தில் முதன்முதலாக வாங்கியதாம். அதை மட்டும் அவர் திறந்ததே இல்லை என்று சரோஜாக்கா பிறகு சொன்னார். சாயங்காலச் செய்தி அதில் கேட்காமல் அவர் சாப்பிட உட்கார மாட்டார்.

"ஏங்க, அது வேணாங்க" என்றார் சரோஜாக்கா.

"அதுதான் வேணும்" என்றார் சார். பேட்டரிகளை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வயரை மாட்டினார்.

ரேடியோ கணீரென்று பேசியது. செய்தி தொடங்கியது. தலைப்புச் செய்திகள் முடிந்தன. நான் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். விளையாட்டுச் செய்திக்கு வரும்போது செய்தி வாசிப்பவர் குரல் திடீரென்று ஏறியது. பிறகு அவர் கீச்சென்று கத்தினார். பிறகு ரேடியோவின் முதுகிலிருந்து மெல்லிய புகை எழுந்தது. தோல் கருகும் வாசனை வந்தது.

சார் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மீட்டரை வைத்தார். இந்தத் தடவை சுவிட்சைப் போட்டதும் முள் ஐந்தைத் தாண்டி ஓடிப் பத்துக்குப் பக்கத்தில் போய் நின்றது. ஆறியிருக்கும்வரை ஒழுங்காக நடந்துகொண்டு, சூடானதும் குணத்தைக் காட்டும் ஆள் ஒருவன் உள்ளே இருந்திருக்கிறான். அந்த மூன்று கால் கறுப்புத் துண்டு. பியூஸை எரித்தவனும் அவனாகத்தான் இருக்க வேண்டும்.

கோட்டைச்சாமி ரேடியோவை எட்டிப் பார்த்து, "சார், ஸ்கோரு என்னன்னு சொல்றதுக்குள்ள போயிருச்சே" என்றார்.

நான் அந்தப் புகையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சற்று முன் என் கையில் கொடுத்திருந்தால் அந்தப் புகை எங்கள் வீட்டில், என் முந்தியிலிருந்து வந்திருக்கும்.

"அழாத" என்றார் சார். "இப்பத்தான ஆளைக் கண்டுபிடிச்சிருக்கோம். காலைல மொத வேலையா டவுன் ஹால் ரோடு போறேன்."

அலுவலகத்துக்கு லீவு சொல்லிவிட்டுப் போய், அந்த மூன்று கால் துண்டைப் புதிதாக வாங்கி வந்தார். சூடு ஏறக் கூடாது என்பதற்காக அதன் முதுகில் ஒரு அலுமினியத் தகட்டை வைத்து ஸ்க்ரூ போட்டு முடுக்கினார். அந்தத் தகடு சரோஜாக்காவின் இட்லித் தட்டு. நடுவில் ஓட்டை போட்டிருந்தார். அந்தப் பெட்டிக்கு முதன்முதலாக ஒரு ஸ்க்ரூ கிடைத்ததில் அவருக்கு இருந்த திருப்தியைச் சொல்லி முடியாது. இரண்டு தடவை கழற்றி இரண்டு தடவை மாட்டினார்.

மறுபடியும் ஜாமீன். இந்தத் தடவை அவர்கள் வீட்டு டேப்ரிக்கார்டர். அதில் ஒரே ஒரு பக்திப் பாட்டுக் கேசட் சிக்கிக்கொண்டு பல மாதமாக வெளியே வர மறுத்தது. அதையே பாட விட்டார். முடிந்ததும் திருப்பிச் சுற்றி மறுபடி பாட விட்டார். மத்தியானம் வரை எங்கள் தெரு முழுக்க ஒரே முருகன். மளிகைக் கடைக்காரர் வந்து, "சார், முருகனே போதும்னு சொல்லிட்டாரு" என்றார். சார் இட்லித் தட்டின்மேல் உள்ளங்கையை வைத்துச் சூடு பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

சரோஜாக்கா எட்டிப் பார்த்தார். "ரேடியோ போச்சு. இட்லித் தட்டு போச்சு. இதுவும் போச்சுன்னா, அடுத்து ஜாமீனுக்கு வீட்டுல நான் ஒருத்திதான் பாக்கி. என்னையத்தான் பிளக்குல சொருகணும்."

"நீ அம்புட்டு வோல்ட் தாங்க மாட்ட. உள்ள போ" என்றார் சார்.

மத்தியானத்துக்கு மேல், சிவப்புப் பெட்டியை ஒரு தாம்பாளத்தில் வைத்து எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். மூடி இல்லை, மேலே இட்லித் தட்டு. சீர் வரிசை வருவது மாதிரி இருந்தது. அம்மாவும் கோட்டைச்சாமியும் சாட்சி. அண்ணன் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நான் வயரை மாட்டினேன். பொத்தானைப் போடக் கை போகவில்லை.

"போடும்மா" என்றார் சார். "போனா என் பேரு."

போட்டேன். விளக்கு எரிந்தது. கேசட்டைச் சுழலவிட்டேன். கீச்சுச் சத்தம் ஓடி முடிந்தது. கறுப்புத் திரையில் மேலிருந்து கீழாக, வரிசை வரிசையாக, வெள்ளைப் புள்ளிகள் வந்து நின்றன. ஒன்றுகூடக் குறையவில்லை.

சார் டிவிக்கு மிக அருகில் மூக்கை வைத்துப் பார்த்தார். "இதுக்குத்தானா இம்புட்டுப் பாடு? நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு டிவியின் பின்பக்கம் போனார். அங்கே நிறைய ஸ்க்ரூ இருந்தது. அம்மா சட்டென்று காப்பி கொடுத்து அவரை முன்பக்கம் அழைத்து வந்துவிட்டார்.

அன்றே தாளில் ஏற்றி முடித்தேன். வெள்ளிக்கிழமை கடை முதலாளி தாளை மேசையில் விரித்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். "யாரு போட்டது?" என்றார். அம்மா என்னைக் காட்டினார். "எழுமலைப் பக்கம் முடிச்சுப் போடுறவுகளுக்கு இன்னிக்கே அனுப்பிருங்க" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வேறு வார்த்தை எனக்கும் தேவைப்படவில்லை. அந்தத் தீபாவளிக்குத் தெற்கு மாசி வீதியில் அந்த முந்தி தொங்கியதை, அந்த வீதி என் வழியில் இல்லாவிட்டாலும், அதன் வழியாகவே போய்ப் பலமுறை பார்த்தேன்.

சாருக்குப் புது ரேடியோ ஒன்று வாங்கிக்கொண்டு போனோம். அவர் அதை உறையிலிருந்துகூட எடுக்கவில்லை.

"ஜாமீன் நின்னது போனா போனதுதாம்மா. பதிலுக்கு ஒண்ணு வாங்கிட்டா, அப்புறம் நான் என்னத்த நட்டப்பட்டேன்? எடுத்துட்டுப் போ."

எடுத்துக்கொண்டு வந்து எங்கள் வீட்டில் வைத்துக் கேட்டோம். அதன் பிறகு சாயங்காலம் செய்தி நேரத்தில் அவர் எங்கள் ஜன்னலுக்குக் கீழே, தெருக்குழாய் பக்கம் நிற்பதைப் பார்க்க ஆரம்பித்தோம். குழாயில் அந்த நேரத்தில் தண்ணீர் வராது. அவர் கையில் குடமும் கிடையாது. அம்மா அந்தப் புது ரேடியோவை ஜன்னல் கட்டையில் எடுத்து வைத்தார். சத்தத்தைக் கூட்டினார்.

சில நாட்கள் கழித்து சார் என்னிடம் வந்தார். "உங்க வீட்டு ரேடியோ சத்தம் எங்க வீடு வரைக்கும் வருது."

"குறைச்சு வைக்கட்டுமா சார்?"

"குறைக்க வேணாம். வாசலுக்கு நேரா திருப்பி வையி. விளையாட்டுச் செய்தி சரியா விழ மாட்டேங்குது."

திருப்பி வைத்தோம். அடுத்த வருடம் அவருக்கு விருதுநகருக்கு மாற்றலானது. சாமான்களை ஏற்றிய லாரியில் ஓட்டை குக்கரும் தலைகீழ் டார்ச்சும்கூட ஏறின.

எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்தவர் ஒரு நாள் வந்து கேட்டார். "ஏங்க, செய்தியை உங்க வீட்டைப் பாத்து வெச்சுக் கேக்கலாம்ல? எதுக்கு எங்க வாசலைப் பாத்து இம்புட்டுச் சத்தமா வைக்கிறீங்க?"

நியாயமான கேள்வி. அம்மா மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ரேடியோவை உள்பக்கமாகத் திருப்பினார்.

மறுநாள் சாயங்காலம் செய்தி தொடங்கும் நேரத்தில், அடுப்பை அணைத்துவிட்டு வந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, அம்மாவே அதைப் பழையபடி எதிர்வீட்டு வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்தார்.